குறுந்தகவல் போய்ச் சேரவில்லையா? எங்கே நின்றது என்று தேடும் வழி

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கும் கமக்காரருக்கு, எந்த நாளில் எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் என்று குறுந்தகவல் அனுப்பும் சிறு நிரல் ஒன்றைக் கிளிநொச்சியில் எங்கள் அமைப்புக்காக எழுதிப் பராமரித்து வருகிறேன். பைத்தான் மொழி, ட்விலியோ என்ற குறுந்தகவல் அனுப்பும் இணையச் சேவையின் நூலகம் (நிரலில் இணைக்கும் ஆயத்த நிரல்தொகுதி), ஓர் எக்செல் பட்டியல். நிரல் நாற்பது வரியைத் தாண்டாது. ஆனால் அந்த நாற்பது வரி பிழைக்கும் வழிகள் பல. சிறுபோகத்தில் ஒரு முறைத் தண்ணீர் தவறினால் பயிர் வாடும். மாரியில் வான்கதவு திறக்கும் செய்தி பிந்தினால் என்ன ஆகும் என்பது 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வரம்பில் நின்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டோம். துருசு (மதகு) திறந்திருக்கிறதா, வாய்க்கால் எங்கே உடைத்தது, எவர் மறித்தார் என்று மேலிருந்து கீழே நடந்து பார்ப்போம். செய்தியும் நான்கு இடம் தாண்டித்தான் போகிறது: உங்கள் கணினி, ட்விலியோ, தொலைபேசி நிறுவனம், கடைசியில் கைபேசி. எந்த இடத்தில் நின்றது என்று தெரியும்வரை நிரலில் ஒரு வரியும் மாற்றாதீர்கள். கீழே உள்ளவற்றை அந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

நிரல் தொடங்கிய உடனேயே விழுகிறது

"ட்விலியோ என்ற மொடியூல் இல்லை" என்று வந்தால், நூலகம் வேறொரு பைத்தானுக்குள் போயிருக்கிறது. ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான் இருப்பது வழமை. வெறுமனே பிப் என்று தட்டாமல், நிரலை ஓட்டும் அதே பைத்தானை முன்னால் போட்டு, "பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் ட்விலியோ" என்று நிறுவுங்கள்.

நிறுவிய பிறகும் "ட்விலியோ ஒரு பக்கேஜ் அல்ல" என்று சொன்னால், உங்கள் சொந்தக் கோப்பின் பெயரைப் பாருங்கள். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் கோப்புக்கே ட்விலியோ என்று பெயர் வைப்பார்கள். பைத்தான் முதலில் அதே கோப்புறையில்தான் தேடும். நூலகத்தை விட்டுவிட்டு உங்கள் கோப்பைப் பிடித்துக்கொள்ளும். பெயரை மாற்றினால் தீர்ந்தது.

"ட்விலியோ ரெஸ்ட் கிளையன்ட்" என்ற பெயரை இறக்க முடியவில்லை என்றால், நீங்கள் பார்த்துப் படிக்கும் பாடம் பழையது. 6 ஆம் பதிப்பிலிருந்து அதன் பெயர் வெறும் "கிளையன்ட்".

சான்றிதழ் சரிபார்ப்புத் தோல்வி, எஸ்எஸ்எல் என்று ஏதோ வருகிறது

நேற்றுவரை ஓடிய நிரல் இன்று இப்படிச் சொன்னால், இணையத்தில் தேடுவதற்கு முன் திரையின் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பல நிலையங்களில் இருப்பது பழைய கணினி. தாய்ப்பலகையில் உள்ள காசு அளவு பற்றரி செத்திருக்கும். கரண்ட் போய் வந்தால் திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். அந்தத் திகதியில் ட்விலியோவின் சான்றிதழ் (தளம் போலியல்ல என்று காட்டும் அத்தாட்சி) இன்னும் பிறக்கவே இல்லை; ஆகவே கணினி அதை நம்ப மறுக்கிறது. திகதியைச் சரிசெய்யுங்கள், பற்றரியை மாற்றுங்கள். சரிபார்ப்பையே நிறுத்திவிடச் சொல்லும் ஆலோசனைகள் கண்ணில் படும். அதைச் செய்ய வேண்டாம். உங்கள் கணக்கின் இரகசியக் குறி அந்த இணைப்பின் வழியேதான் போகிறது.

பிழை எண் 20003

நீங்கள் யார் என்பதை ட்விலியோ ஏற்கவில்லை என்று பொருள். கணக்கு அடையாளம் ஏசி என்ற இரண்டு எழுத்தில் தொடங்கி மொத்தம் 34 எழுத்து இருக்க வேண்டும். எஸ்கே என்று தொடங்கினால் அது வேறு வகைத் திறவுகோல். அதைக் கணக்கு அடையாளத்தின் இடத்தில் தனியாகப் போட முடியாது. இரகசியக் குறியை ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளியோ புது வரியோ சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். கோப்பிலிருந்து வாசிப்பவர்கள், ஓரத்து இடைவெளிகளை நீக்கும் "ஸ்ட்ரிப்" போட்டு விடுவது நல்லது.

பிழை எண் 21211: இலக்கம் செல்லாது

இங்கேதான் எனக்கு அதிக நாள் போனது. காரணம் எப்போதும் நிரலில் இல்லை, பட்டியலில்.

ட்விலியோவுக்கு வேண்டியது கூட்டல் குறி, 94, அதன் பிறகு ஒன்பது இலக்கங்கள். நம்மிடம் உள்ளதோ பூச்சியத்தில் தொடங்கும் பத்து இலக்கம். 94 ஐச் சேர்த்துவிட்டுப் பூச்சியத்தை எடுக்க மறப்பது ஒன்று. எக்செல் அந்த முதல் பூச்சியத்தைத் தானாகவே விழுங்கிவிடுவது இன்னொன்று: அது இலக்கத்தைத் தொலைபேசியாக அல்ல, கணக்காகப் பார்க்கிறது. ஆகவே ஒரே பட்டியலில் சிலருக்குப் பத்து, சிலருக்கு ஒன்பது, சிலருக்கு 94 உடன் பதினொன்று என்று கலந்து கிடக்கும். பாண்டாஸ் (பட்டியல் வாசிக்கும் பைத்தான் நூலகம்) கொண்டு வாசித்தால் தொலைபேசி இலக்கம் உள்ள பத்தியை, அதாவது மேலிருந்து கீழான வரிசையை, எழுத்தாகவே வாசிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஒரு வெற்றுக் கட்டம் இருந்தாலும் போதும், எல்லா இலக்கத்தின் வாலிலும் ஒரு புள்ளியும் பூச்சியமும் ஒட்டிவிடும். பிறகு நீங்கள் எழுத்துக்குறிகளை நீக்கும்போது புள்ளி போய், பூச்சியம் மட்டும் தங்கி, இலக்கம் ஒன்று கூடிவிடும்.

பார்வைக்குச் சரியாக இருந்தும் 21211 வருகிறதா? வாட்ஸ்அப்பிலிருந்தோ தொடர்புப் பட்டியலிலிருந்தோ பிரதி எடுத்த இலக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒளிந்திருக்கலாம். எழுத்தின் திசையைக் குறிக்கும் யுனிகோட் குறிகள் அவை. "ரெப்ர்" என்ற செயற்கூறால் அச்சிட்டுப் பாருங்கள், வெளியே வரும்.

நான் செய்வது இதுதான்: பூச்சியம் முதல் ஒன்பது வரையான இலக்கங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, எஞ்சியதன் கடைசி ஒன்பதை மட்டும் எடுக்கிறேன். அது 7 இல் தொடங்கினால் முன்னால் 94 போட்டு அனுப்புகிறேன். தொடங்காவிட்டால் அனுப்பாமல் தனிப் பட்டியலில் சேர்க்கிறேன். ஒரே கட்டத்தில் சாய்கோடு போட்டு இரண்டு இலக்கம் எழுதுபவர்கள் உண்டு. அதை முதலில் பிரித்துவிடுங்கள். 021, 024 என்று தொடங்கும் வீட்டுத் தொலைபேசிகளும் அந்தத் தனிப் பட்டியலில் வந்து நிற்கும். அவற்றுக்குக் குறுந்தகவல் அனுப்பிப் பயனில்லை. அழைத்துத்தான் சொல்ல வேண்டும். தப்பித்தவறி அனுப்பினால் 30006 என்ற எண் திரும்பி வரும்.

21608, 21408, 21606

இவை மூன்றும் கணக்கு அமைப்பு சார்ந்தவை, விரைவில் தீரும். 21608 என்றால் நீங்கள் இன்னும் சோதனைக் கணக்கில் இருக்கிறீர்கள். அதில் முன்கூட்டி உறுதிசெய்த இலக்கங்களுக்கு மட்டுமே போகும். 21408 என்றால் இலங்கைக்கு அனுப்பும் அனுமதி உங்கள் கணக்கில் திறக்கப்படவில்லை. கான்சோலில் (ட்விலியோ தளத்தில் உங்கள் கணக்கை நிர்வகிக்கும் பக்கம்) நாடுகளின் பட்டியலுக்குப் போய் இலங்கைக்குச் சரி போடுங்கள். 21606 என்றால் அனுப்பும் இலக்கம் உங்களுடையதல்ல, அல்லது அதற்குக் குறுந்தகவல் வசதி இல்லை.

இலக்கத்துக்குப் பதில் அமைப்பின் பெயரைப் போட விரும்புபவர்களுக்கு: பெயர் 11 எழுத்துக்குள், ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், தமிழ் ஏற்காது. சோதனைக் கணக்கில் அந்த வசதி இல்லை. வாங்குபவர் அதற்குப் பதில் எழுதவும் முடியாது. பல நாடுகளில் பெயரை முதலில் பதிவுசெய்ய வேண்டும் என்பதால், இலங்கைக்குரிய விதியைப் பார்த்துவிட்டே பெயரை முடிவுசெய்யுங்கள்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, விடியற்காலை தானாக ஓடும்போது விழுகிறது

குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி விண்டோஸ் அட்டவணையில் (டாஸ்க் ஷெடியூலர்) போட்டவர்களுக்கு இது நிச்சயம் வரும். "கிளையன்டை உருவாக்கச் சான்றுகள் தேவை" என்ற கருத்தில் பிழை வந்தால், நீங்கள் கறுப்புத் திரையில் வைத்த சூழல் மாறிகள் (நிரலுக்கு வெளியே கணினியில் வைக்கும் மதிப்புகள்) அட்டவணை வேலைக்குத் தெரியவில்லை. அவற்றை அமைப்பு நிலையில் வையுங்கள். யுனிகோட் பிழை வந்தால், செய்தி அனுப்புவதில் தவறில்லை. நீங்கள் போட்ட "பிரின்ட்" தான் விழுந்தது. வெளியீடு கோப்புக்குப் போகும்போது விண்டோஸ் தமிழ் தெரியாத குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். "பைத்தான் யுடிஎஃப்8" என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்பு வைத்தால் போதும்.

செய்தி வந்தது, ஆனால் தமிழ் வரவில்லை

எப்படி வந்தது என்று கேளுங்கள். முடிந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் காரணம் வேறு.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக, வாசிக்க முடியாதபடி வந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அலுவலகங்களில் இன்றும் பாமினியில் தட்டிய பட்டியல்கள் நிறைய இருக்கின்றன. பாமினியில் தமிழ் என்பது வெறும் தோற்றம். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கைபேசிக்குப் போனால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். யுனிகோட்டுக்கு மாற்றும் கருவியில் போட்டு மாற்றுங்கள். மாற்றிய பின் ஒருமுறை கண்ணால் வாசியுங்கள். பெயர்களில் தவறு வரும். ஒருவரின் பெயரைப் பிழையாக எழுதி அனுப்புவது நல்லதல்ல.

கேள்விக்குறிகளாக வந்தால், எக்செலில் சேமித்தபோதே தமிழ் அழிந்துவிட்டது. சேமிக்கும் வகைகளில் சாதாரண சிஎஸ்வியைத் தேர்ந்தெடுக்காமல், யுடிஎஃப்-8 என்று எழுதியிருக்கும் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஒரு புதுப் பிரச்சினை வரும்: முதல் பத்தியின் பெயரை நிரலால் கண்டுபிடிக்க முடியாமல் "கீ எரர்" என்று நிற்கும். கோப்பின் தலையில் எக்செல் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைத்திருக்கிறது. திறக்கும்போது குறியாக்கத்தை "யுடிஎஃப்-8-சிக்" என்று கொடுத்தால் அது கழன்றுவிடும்.

வெற்றுக் கட்டங்களாக வந்தால் உங்கள் பக்கத்தில் குறை ஒன்றுமில்லை. அந்தப் பழைய பொத்தான் கைபேசியில் தமிழ் எழுத்துரு இல்லை. அப்படிப்பட்டவர்களின் பெயருக்கு எதிரே பட்டியலில் ஓர் அடையாளம் போட்டு வைத்திருக்கிறேன். அவர்களுக்குத் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புகிறேன். வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு அழைப்புத்தான்.

இன்னொன்று. ஊர்ப்பெயரால் வடிகட்டும்போது கிளிநொச்சிக்காரர் சிலர் மட்டும் விடுபடுகிறார்களா? "நொ" என்ற எழுத்தை யுனிகோட்டில் இரண்டு வகையாக எழுதலாம்: ந வுடன் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனியாக. திரையில் இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. வாசித்த உடனே எல்லா எழுத்தையும் "யுனிகோட் டேட்டா" மொடியூலில் "நோர்மலைஸ்" செய்து, என்எஃப்சி என்ற, ஒரே குறியாகச் சேர்த்த வடிவுக்குக் கொண்டுவாருங்கள்.

எதிர்பார்த்ததைவிட இரண்டு மூன்று மடங்கு பணம் போகிறது

தமிழில் அனுப்பும் எல்லாரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. ஆங்கிலத்தில் ஒரு குறுந்தகவலுக்கு 160 எழுத்து. தமிழ் ஓர் எழுத்து கலந்தாலும் முழுச் செய்தியும் வேறு குறியாக்கத்துக்கு மாறி, இடம் 70 ஆகச் சுருங்கும். 70 ஐத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் போகும். அப்போது துண்டு ஒன்றுக்கு 67 தான். வாங்குபவருக்கு ஒரே செய்தியாகத் தெரிந்தாலும் உங்களிடம் துண்டுக்குத் துண்டு காசு எடுக்கப்படும்.

இந்த 70 என்பது நாம் பள்ளியில் எண்ணிய எழுத்தல்ல. "கு" என்பது இரண்டு: க ஒன்று, உகரக் குறி ஒன்று. "ச்" என்பதும் இரண்டு. கிளிநொச்சி நமக்கு ஐந்தெழுத்து, கணினிக்குப் பத்து. முல்லைத்தீவு ஆறு, கணினிக்குப் பன்னிரண்டு.

நான் அனுப்பும் செய்தி இது: "நாளை காலை 6 மணிக்கு இடதுகரை வாய்க்காலில் தண்ணீர் திறக்கப்படும்." இடைவெளியும் புள்ளியும் சேர்த்துக் கண்ணுக்கு 40. கணினிக்கு 63. ஒரே துண்டில் அடங்குகிறது. இதன் முன்னால் "வணக்கம்." என்று சேர்த்தால் 72 ஆகி இரண்டு துண்டு. நானூறு பேருக்கு அனுப்பினால் அந்த ஒரு வணக்கத்துக்காக இன்னும் நானூறு துண்டுக்குக் காசு. பின்னால் "நன்றி." சேர்த்தால் சரியாக 70, மயிரிழையில் தப்பும். மரியாதையை விடச் சொல்லவில்லை; எண்ணிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பைத்தானில் "லென்" தரும் எண், தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை அப்படியே இந்தக் கணக்குத்தான். அது 70 ஐத் தாண்டினால் அனுப்பாமல் என்னைக் கேட்கும்படி நிரலில் ஒரு வரி வைத்திருக்கிறேன்.

சோதனைக் கணக்கில் செய்தியின் தலையில் ஓர் ஆங்கில வாசகம் ஒட்டும். அதுவும் இந்த இடத்தைத்தான் தின்னும். 1600 ஐத் தாண்டினால் 21617 என்ற பிழையுடன் ட்விலியோவே மறுத்துவிடும்.

ஒருவருக்கே மூன்று தரம் போகிறது

வட்டக்கச்சிப் பக்கமிருந்து ஓர் ஐயா அழைத்தார். "பிள்ளை, எனக்கு ஒண்டும் வரேல்லை. பக்கத்து வளவுக்காரருக்கு மூண்டு தரம் வந்திருக்கு" என்றார். நான் வெட்கப்பட்டுப் போனேன். தவறு என் நிரலில்தான் இருந்தது.

டொங்கிள் இணைப்பு நடுவில் அறுந்தால் இரண்டு விதமாக நடக்கலாம். கோரிக்கை ட்விலியோவைச் சேரும் முன்பே அறுந்திருக்கலாம். அல்லது கோரிக்கை சேர்ந்து, செய்தியும் புறப்பட்டு, "சரி, எடுத்துக்கொண்டேன்" என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். நிரலுக்கு இரண்டும் தோல்வியாகவே தெரியும். நான் தோல்வி என்றால் மீண்டும் அனுப்பு என்று எழுதியிருந்தேன். பக்கத்து வளவுக்காரருக்கு அதுதான் நடந்தது. மூன்று தரம் முயன்றபின் நிரல் முழுவதுமாக விழுந்தது, பட்டியலில் அவருக்கு அடுத்து இருந்த ஐயாவுக்குப் போகவே இல்லை. விழுந்ததற்குக் காரணம், நான் ட்விலியோவின் பிழை வகையை மட்டும் பிடித்திருந்தேன். இணைப்பு அறுந்தால் வருவது அந்த வகை அல்ல. "ரிக்வெஸ்ட்ஸ்" நூலகத்தின் பிழை. இரண்டையும் பிடிக்க வேண்டும்.

இப்போது செய்வது: ஒவ்வொருவருக்கும் அனுப்பிய உடனே, ட்விலியோ தரும் எஸ்எம் என்று தொடங்கும் அடையாளத்தை ஒரு கோப்பில் எழுதி மூடிவிடுகிறேன். கரண்ட் போனாலும் கோப்பு மிஞ்சும். மீண்டும் ஓட்டினால் அடையாளம் உள்ளவர்களை நிரல் தாண்டிப் போகும். பதில் வராமல் போனவருக்கு உடனே திரும்ப அனுப்புவதில்லை. "மெசேஜஸ் லிஸ்ட்" மூலம் அந்த இலக்கத்துக்கு இன்று ஏதாவது போயிருக்கிறதா என்று முதலில் கேட்கிறேன். இல்லை என்று தெரிந்த பிறகே இரண்டாம் தடவை. நேரத்தைக் கவனியுங்கள்: ட்விலியோ தருவது உலகப் பொதுநேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். காலை 5 மணிக்கு அனுப்பியது அங்கே முந்தைய நாள் கணக்கில் நிற்கும்.

போய்விட்டது என்கிறது, ஆனால் வரவில்லை

செய்தி அனுப்பும் "கிரியேட்" கட்டளை பிழையில்லாமல் முடிந்தால் செய்தி சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். இல்லை. அந்த நேரத்தில் நிலை "கியூட்", அதாவது வரிசையில் நிற்கிறது. துருசு திறந்தாயிற்று, அவ்வளவுதான். அதன் பிறகு "சென்ட்" என்றால் தொலைபேசி நிறுவனத்திடம் ஒப்படைத்தாயிற்று. "டெலிவர்ட்" என்றால்தான் சேர்ந்ததற்கு ஒப்புதல் வந்திருக்கிறது. சில வழித்தடங்களில் அந்த ஒப்புதல் திரும்பி வருவதில்லை. நிலை "சென்ட்" என்றே நின்றுவிடும்.

முதலில் கான்சோலின் பதிவேட்டில் தேடுங்கள். அங்கே செய்தியே இல்லை என்றால், நீங்கள் பயன்படுத்தியது ஒத்திகைச் சான்றுகள். அவை எல்லாம் சரி என்று பதில் சொல்லும், ஒன்றையும் அனுப்பாது. பதிவேட்டில் இருந்தால், நிலையின் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 30003 என்றால் கைபேசி அணைந்திருக்கிறது அல்லது சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கிறது. காட்டோரக் கிராமங்களில் இது அன்றாடம். 30005 என்றால் அந்த இலக்கம் இப்போது புழக்கத்தில் இல்லை என்று நினையுங்கள். சிம் மாற்றியவராக இருப்பார். 30007 என்றால் வடிகட்டியில் மாட்டியது. சுருக்கிய இணைய முகவரி ஏதும் செய்தியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். 30008 க்குத் தெளிவான காரணம் கிடைக்காது. சிறிது நேரம் விட்டு ஒருமுறை மட்டும் முயலுங்கள்.

நிலை மாறும்போது ட்விலியோவே உங்களுக்கு அறிவிக்கும் வசதி உண்டு. அதற்கு இணையத்தில் எப்போதும் திறந்திருக்கும் முகவரி வேண்டும். உங்கள் மேசைக் கணினியின் உள்முகவரியைக் கொடுத்தால் ட்விலியோவால் அங்கே வர முடியாது. எங்களைப் போன்ற சிறு அமைப்புக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. அனுப்பி அரை மணி கழித்து இன்னொரு சிறு நிரல் ஓடுகிறது. கோப்பில் எழுதி வைத்த அடையாளங்களை ஒவ்வொன்றாக எடுத்து, "ஃபெட்ச்" செய்து, நிலையையும் பிழை எண்ணையும் அதே கோப்பில் எழுதுகிறது. "டெலிவர்ட்" ஆகாதவர்களை ஊர்வாரியாகப் பிரித்து ஒரு தாளில் அச்சடிக்கிறது. வீட்டுத் தொலைபேசிக்காரரும் அந்தத் தாளிலேயே வருகிறார்கள். வாய்க்கால் திறப்பதற்கு முதல் நாள் பின்னேரம் அந்தத் தாளை நானும் இன்னொருவரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு அழைக்கிறோம். பேசியவருக்கு எதிரே சரி, எடுக்காதவருக்கு எதிரே பக்கத்து வீட்டாரின் இலக்கம்.